போனை விட்டு வெளியே வந்த நூல்

நம்பறவங்க உக்காந்து கேளுங்க, நம்பாதவங்க டீயைக் குடிச்சுட்டு டம்ளரைக் கழுவற எடத்துல வெச்சுட்டுக் கெளம்புங்க, ரெண்டு பேருக்கும் நான் ஒரே பாலுதான் ஊத்தறேன். எம்பேரு மரகதம். பள்ளிபாளையத்துல ஆத்துப்பாலத்தைத் தாண்டிக் கெழக்கால வந்து ஊஞ்சக்காட்டு லைன் எதுன்னு கேட்டீங்கன்னா யாரும் சொல்லுவாங்க: ரெண்டு பக்கமும் தறிக்குடோன், குடோனை ஒட்டி வீடு, வீட்டை ஒட்டி மறுக்கா குடோன், அந்த லைனோட முக்குல என் பேக்கரி. தறி ஓடற ஊர்ல சத்தம் இருக்கறது யாருக்கும் தெரியாதுங்க, நின்னாத்தான் தெரியும். கரண்ட் போனா எங்க ஊர்க் கொழந்தைங்க திடுக்குன்னு முழிச்சு அழும், கரண்ட் வந்து தறி ஓடுனாத்தான் மறுபடி தூங்கும்.

அந்த லைன்ல மூணாவது வீட்டுக்காரி நித்யகல்யாணி. ஈரோட்டுப் பொண்ணு, கம்ப்யூட்டர் படிச்சவ, பெங்களூர்க் கம்பெனி ஒண்ணுக்கு வீட்ல இருந்தே வேலை செஞ்சா. புருசன் செங்கோட்டுவேலு அவளுக்குத் தாய்மாமன் மகன், எங்க லைன்ல அத்தனை குடோனுக்கும் அவருதான் தறி பிட்டர், எந்தத் தறி நின்னாலும் ஸ்பேனரைத் தூக்கிட்டு ஓடறவரு. நல்ல மனுசன், ஆனா காது போச்சு. தறிச் சத்தம் ஒரு ஆளோட காதைத் தின்ன ஆரம்பிச்சா மெல்லிசு சத்தத்தைத்தான் மொதல்ல தின்னும், குருவி போகும், கொலுசு போகும், குக்கர் விசில் போகும், அப்புறம் கொழந்தைங்க பேச்சு போகும், கடைசியில தறிச் சத்தம் மட்டும் மிஞ்சி நிக்கும். எங்க லைன்ல பாதிப் பேருக்கு இந்தக் கதிதான், அதனால நாங்க எல்லாருமே வாயைப் பாத்துப் பேச்சைப் புரிஞ்சுக்கறவங்க, ஆனாக் காது கேக்கலைன்னு மட்டும் ஒருத்தரும் ஒத்துக்க மாட்டோம். செங்கோட்டுவேலு காது மிசின் ஒண்ணு வாங்கி மாட்டிப் பாத்தாரு, அது தறிச் சத்தத்தை இன்னும் பெருசாக் குடுத்துச்சு, கழட்டிப் பரண் மேல போட்டுட்டாரு, போட்டுட்டு எனக்கு நல்லாத்தான் கேக்குதுன்னும் சொல்லிட்டாரு.

வெசனம் எங்க வந்துச்சுன்னா, அவங்க மக மிருதுளாகிட்ட. அஞ்சு வயசுப் புள்ளைக்கு வாயைக் காட்டிப் பேசணும்னு எப்படித் தெரியும்? அப்பன் தோள்ல சாஞ்சுக்கிட்டுக் கழுத்துக்குள்ள பேசுவா, வண்டியில முன்னாடி நின்னு ரோட்டைப் பாத்துட்டே பேசுவா, அவரு எல்லாத்துக்கும் சிரிச்ச மொகமா, ஆமா கண்ணு, சூப்பர் கண்ணுன்னு சொல்லிட்டே வண்டியை ஓட்டுவாரு. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுல அவளை மயில் வேசத்துல இருந்து எடுத்துட்டு வேற ஒருத்தியைப் போட்டுட்டாங்க, வண்டியில வர்றப்ப அழுதுட்டே அதை அப்பங்கிட்டச் சொல்லிருக்கா, அவரு ஆமா கண்ணு, சூப்பர் கண்ணுன்னு சொல்லிருக்காரு. அன்னியோட அவரு கூடப் பேசறதை விட்டுட்டா. சண்டை போடலை, மொறைக்கலை, அவரு ஏதாச்சும் சொன்னாத் தலையை ஆட்டுவா, அவரும் ஆட்டுவாரு, பாக்கறவங்களுக்கு நல்லாத்தான் இருக்கும்.

நித்யாவுக்குப் பொறுமை அத்துப்போச்சு. மாமா, உங்களுக்குக் காது கேக்கலைன்னு அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க, அவ புரிஞ்சுக்குவான்னு எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தா, எனக்கெல்லாம் நல்லாக் கேக்குதுன்னு அவரு எந்திரிச்சுப் போயிருவாரு. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்தா மகளைக் கூட்டிக்கிட்டு ஈரோட்டுல எங்கக்கா வீட்டுக்கே போயிர்றேன் மரகதக்கா, ரெண்டு பேருக்கு நடுவுல நான் எத்தனை நாளைக்குப் பேச்சைச் சொமந்துட்டுத் திரியறதுன்னு எங்கிட்ட ஒரு நாளு சொன்னா. சொன்னாச் செய்யறவ அவ.

அவ அந்தக் கம்பெனிக்கு அப்போ செஞ்சுட்டு இருந்தது போன்லயே வாத்தியம் கட்டற ஒரு ஆப். அதுல நெறையப் பெட்டி இருக்கும். ஒரு பெட்டி சத்தத்தைப் பொறக்க வெக்கும், ஒரு பெட்டி அதை வடிகட்டும், ஒண்ணு ஏத்தி எறக்கும், ஒண்ணு எதிரொலி குடுக்கும், எந்தப் பெட்டியில இருந்து எந்தப் பெட்டிக்கு வேணும்னாலும் வயரை இழுத்து மாட்டிக்கலாம், இப்படித்தான் மாட்டணும்னு சட்டமே கெடையாது, மாட்டறவங்க மனசுக்குத் தக்கன வாத்தியம். வெளிநாட்ல இதைச் செவுரு நெறையப் பெட்டியா அடுக்கி வெச்சு வாசிக்கறாங்களாம், இவ அதை உள்ளங்கைக்குள்ள அடக்கணும். அங்கதான் தலைவலி. பெட்டியைப் பெருசு பண்ணுனாத் திரையில ரெண்டுதான் புடிச்சுது, சின்னது பண்ணுனா வெரலுக்குச் சிக்கலை, வயரெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து சிடுக்காச்சு. பொழுதோட என் கடைக்கு வந்து டீ குடிக்கறவங்க ஒவ்வொருத்தர் கையிலயும் போனைக் குடுத்து, இந்தக் குமிழைத் திருப்புங்க, இந்த வயரை இழுங்கன்னு சொல்லிட்டு, அவங்க மொகத்தைப் பாக்காம கட்டைவெரலையே பாத்துட்டு உக்காந்திருப்பா. என் கட்டைவெரலு பட்டா மூணு பெட்டி சேந்து அமுங்கும். மரகதக்கா வெரலுக்குச் சரியா வந்தா ஒலகத்துக்கே சரியா வரும்னு சொல்லி என்னைய வெச்சே அளவெடுத்தா, அது பாராட்டா நக்கலான்னு நான் கேட்டுக்கலை.

அதுல ஒரு பெட்டியை மட்டும் அவ கடையில யாருகிட்டயும் காட்டலை. வாய்ப்பெட்டின்னு பேரு வெச்சிருந்தா. ஒரு சத்தத்தோட ஒடம்புல இன்னொரு சத்தத்தோட வாயைக் கொண்டுபோய் வெக்கற பெட்டி அது, அதுல மழைச் சத்தத்தையும் பேச்சையும் மாட்டுனா மழை பேசும், ரயிலையும் பேச்சையும் மாட்டுனா ரயிலு பேசும். தறிச் சத்தத்துல எம்மக பேச்சை மாட்டுனா மாமாவுக்குக் கேக்கும் இல்லீங்களாக்கான்னு எங்கிட்ட மட்டும் கேட்டா. கேக்கும் கண்ணுன்னு நான் சொன்னேன், எனக்கு என்ன தெரியும், ஆனா அந்த நேரத்துல வேற என்ன சொல்லறது?

எடம் பத்தாததுக்கு அவ கடைசியாக் கண்டுபுடிச்ச வழி, ஓரத்தையே எடுத்துர்றது. வயரை இழுத்துட்டுத் திரையோட ஓரத்துக்குப் போனா அது அங்க முட்டி நிக்கக்கூடாது, எவ்வளவு தூரம் இழுத்தாலும் திரை நகந்து எடம் குடுத்துட்டே போகணும். நாலஞ்சு நாளு மொகம் கழுவாம அதை எழுதி முடிச்சுட்டு, ஒரு மத்தியானம் என் கடைப் பெஞ்சுல உக்காந்து மஞ்ச வயரு ஒண்ணைப் புடிச்சு ஓரத்தைத் தாண்டி இழுத்தா. திரை நகரலை. வயரு வெளியே வந்துச்சு. அவ வெரலு மேல ஏறி, பெஞ்சு மேல எறங்கி, தரையில ரெண்டு சுத்து சுத்திப் படுத்துக்கிச்சு, நல்லா முறுக்குன மஞ்ச நூலு, தொட்டாக் கையில லேசாச் சூடு இருந்துச்சு, அவ்வளவுதான். நித்யா அதை எடுத்துப் பாத்துட்டு, அய்யோ, இது வேறயான்னு தலையில கை வெச்சுக்கிட்டா, ஏன்னா அவளுக்கு அது இன்னொரு பிழை, சரி பண்ண வேண்டிய வேலை இன்னொண்ணு கூடிப்போச்சு.

இங்க எங்க ஆளுங்களைப் பத்தி ஒண்ணு சொல்லணும். தறியில பாவு இழை அறுந்தா கண்ணு பாக்கறதுக்கு முன்னாடி கை அதை எடுத்து முடிச்சுப் போட்டுரும், அது பொறந்ததுல இருந்து வர்ற பழக்கம், தொங்கற நுனியைப் பாத்துட்டுச் சும்மா போகத் தெரியாது எங்களுக்கு. கல்யாணத்துல பக்கத்துல உக்காந்திருக்கறவங்க முந்தானைக் குஞ்சத்தைப் பேசிட்டே முடிஞ்சு வெச்சிருவோம், எந்திரிக்கறப்ப ரெண்டு பேரும் சேந்து இழுபடுவாங்க. பஸ்ஸுல முன் சீட்டுக்காரரு துண்டு தொங்குனாக்கூட ஜன்னல் கம்பியில முடிஞ்சிருப்போம், எறங்குன பொறவுதான் ஞாபகம் வரும்.

அன்னிக்குப் பன்னு வாங்க வந்தா சாந்தாமணி, நித்யாவுக்குப் பக்கத்து வீடு, தறி ஓட்டறவ. எங்கிட்டப் பேசிட்டே குனிஞ்சு, தரையில கெடந்த மஞ்ச நூலு நுனியை எடுத்து என் டீ பாய்லரோட கைப்புடியில முடிஞ்சுட்டா. போன் பாட ஆரம்பிச்சுருச்சு. பாய்லர் கொதிக்கற சத்தந்தான், ஆனா நித்யா குமிழைத் திருப்பத் திருப்ப அது மெலிஞ்சு, நீண்டு, நாயனக்காரரு சீவாளியை ஈரம் பண்ணிட்டு மொதல் மூச்சு விடற மாதிரி கடை பூரா நெறஞ்சு நின்னுச்சு. அக்கா, உங்க பாய்லரு நல்லாப் பாடுதுங்கன்னு சொல்லிட்டு சாந்தாமணி பன்னை வாங்கிட்டுப் போயிட்டா.

நித்யா பெங்களூருக்கு எழுதிப் போட்டா, திரைக்கு வெளியே வயரு வருதுன்னு படமும் எடுத்து அனுப்புனா. அங்க அவங்க நாலு போன்ல இழுத்துப் பாத்தாங்களாம், திரை ஒழுங்கா நகருதாம். எங்களுக்கு வரலை, அதனால அது பிழையே இல்லைன்னு பதில் போட்டு முடிச்சுட்டாங்க. இன்னிக்கு அந்த ஆப் ஒலகம் பூரா போயிருச்சு, வேற எங்கயும் நூலு வெளியே வரலையாம். அதெல்லாம் கை சும்மா இருக்கறவங்க ஊரு போலிருக்குது.

எங்க லைன்ல மட்டும் வந்துட்டே இருந்துச்சு. வாசிச்சுப் பாக்கலாம்னு ஆளாளுக்கு அந்த ஆப்பைப் போன்ல ஏத்திக்கிட்டோம், ஒரு மாசத்துக்குள்ள லைன் பூரா மஞ்ச நூலு, பச்சை நூலு, செவப்பு நூலு, குடோன் ஜன்னல்ல இருந்து வீட்டு வாசப்படிக்கு, வாசப்படியில இருந்து தண்ணித் தொட்டிக்கு, தொட்டியில இருந்து மாரியம்மன் கோயில் மணிக்கு, மணியில இருந்து என் கேக் கிண்டற மிசினுக்கு. ஒருத்தி மாவாட்டுனா எதுத்த வீட்டுப் போன்ல வீணை கேக்கும், ஒருத்தன் கொறட்டை விட்டா அது நாலு வீடு தள்ளி ஆத்துத் தண்ணி ஓடற சத்தமா வரும், அந்த வீட்ல எல்லாரும் சொகமாத் தூங்குவாங்க. கரண்ட்காரரு வந்து டெஸ்டரை வெச்சுப் பாத்துட்டு, இதுல கரண்ட் இல்லை, இது எங்க டிபார்ட்மென்ட் இல்லைன்னு சொல்லிட்டு ஒரு தேங்கா பன்னு தின்னுட்டுப் போனாரு. கேபிள் டிவிக்காரரு மட்டும் ரெண்டு நாளு மொனகிட்டே திரிஞ்சாரு. நூலு மேல காக்கா உக்காந்தா சுதி எறங்கும், ஈரத் துணி போட்டா இன்னும் எறங்கும், அதனால எங்க பொம்பளைங்க அதுல துணி காயப்போடறதை விட்டாங்க, காக்காயை ஒண்ணும் பண்ண முடியலை.

அப்புறம் எல்லாத்துக்கும் ஒரு மொறை வேணும் இல்லீங்களா, என் கடையில உக்காந்துதான் பேசி வெச்சோம். பாவு சுத்துன பீமைத் தலையில சொமந்துட்டு வர்ற ஆளுக்கு இடிக்கற ஒயரத்துல நூலு போகக்கூடாது. சமையக்கட்டுக்குள்ள முடியறதுன்னா கேட்டுட்டு முடியணும். எழவு வீடு இருந்தா அந்தப் பக்கத்து நூலையெல்லாம் காரியம் முடியற வரைக்கும் அவுத்து வெக்கணும். புருசன் பொண்டாட்டி சண்டையில இருந்து நூலு எடுக்கக்கூடாது, அது எவ்வளவு நல்ல சத்தமா இருந்தாலும் சரி. குடோன் மொதலாளி அர்த்தநாரி, எங்க ஊர் வெரப்புக்குப் பேர்போனவரு, தறி மேல இதென்ன கண்ட நூலும்னு சத்தம் போட்டாரு, ஆனா நூலு கட்டுன தறியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு தாளம் சேந்து ஓடறதையும் துணி ஒரே சீரா எறங்கறதையும் பாத்துட்டு, சரி இருந்துட்டுப் போகட்டும்னு அடங்கிட்டாரு.

எல்லாரும் வெளையாடிட்டு இருக்கறப்ப நித்யா மட்டும் நாள்காட்டியைப் பாத்துட்டு இருந்தா. மே மாசம் பொறந்துருச்சு. ஈரோட்டுப் பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்குப் பேசி முடிச்சுட்டா, துணிமணியை மடிச்சு வெச்சுட்டா. அதுக்கு முன்னாடி ஒரு தடவை முயற்சி பண்ணிர்றேங்க்கான்னு சொல்லி, சாந்தாமணியோட தறியில இருந்து ஒரு நூலு இழுத்து வாய்ப்பெட்டிக்கு மாட்டி, இன்னொரு செவப்பு நூலை மக வாய்கிட்டப் புடிச்சு, அப்பான்னு கூப்புடு சாமின்னு சொல்லிக் குடுத்தா. புள்ளை மனசில்லாமத்தான் கூப்புட்டா. ஆனா கூப்புட்டது போன்ல வரலை, தறியில இருந்தே வந்துச்சு, தடக்கு தடக்குங்கற அந்தச் சத்தமே வாயைத் தொறந்து மூடி அப்பான்னு சொல்லுச்சு. செங்கோட்டுவேலு எதுத்த குடோன்ல இருந்து நிமுந்து பாத்தாரு, ஸ்பேனரை எடுத்துட்டு நேரா வந்தாரு, பெல்ட்டு லூசா இருக்குது, சத்தம் ஒரு தினுசா வருதுன்னு சொல்லித் தறியை நிறுத்திக் கழட்டிட்டாரு.

அவரு பொழுதுக்கும் கேட்டுட்டு வாழ்ந்தது ஒத்தைத் தறியை இல்லீங்க, லைன்ல ஓடற அத்தனை தறியையும் சேத்து. ஒரு தறி வேற மாதிரி சத்தம் போட்டா அது அவருக்கு ரிப்பேரு. அத்தனையும் சேந்து சொன்னாத்தான் அது பேச்சுன்னு நித்யாவுக்குப் புரிஞ்சுது. அர்த்தநாரி குடோன்தான் பெருசு, அதுக்குள்ள எல்லாக் குடோன் நூலையும் கொண்டாந்து சேத்தா, நடுவுல ஒரு ஸ்டூல் போட்டா, செவப்பு நூலு எட்டலைன்னு ரெண்டு நூலைச் சேத்து முடிஞ்சு, முடிச்சுல மிஞ்சுன வாலை அப்படியே விட்டுட்டா. அதுதான் வெனையாப் போச்சு. அந்த வாலு வாசல்ல தொங்கிட்டு இருந்துருக்குது, அந்தப் பக்கமாப் போன ஒரு கை அதைப் பக்கத்துல கட்டியிருந்த சாந்தாமணி ஆட்டுக் கவுத்துல முடிஞ்சு வெச்சிருச்சு. எந்தக் கைன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, அந்தக் கைக்காரருக்கே தெரிஞ்சிருக்காது.

ஊரே கூடி நின்னுச்சு. செங்கோட்டுவேலுவை நடுவுல நிறுத்துனோம். மிருதுளா ஸ்டூல் மேல நின்னு, நூலை ஒதட்டுகிட்ட வெச்சுக்கிட்டு, வீட்ல சொல்லிக் குடுத்ததை மூச்சு வாங்காமச் சொன்னா. அத்தனை தறியும் சேந்து மேன்னு கத்துச்சு. லைன் பூரா, ஆத்துப்பாலம் வரைக்கும், ஆடு கத்துச்சு. எங்களுக்கு அடக்க முடியலை, விழுந்து விழுந்து சிரிச்சோம், செங்கோட்டுவேலும் எங்க மொகத்தைப் பாத்துட்டு, ஏதோ புள்ளை வேடிக்கை பண்ணுதுன்னு நெனச்சுச் சிரிச்சாரு, ஆமா கண்ணு, சூப்பர் கண்ணுன்னாரு. மிருதுளா நூலைக் கீழ போட்டுட்டு ஸ்டூல்ல இருந்து எறங்கி, எங்களுக்கு நடுவால நடந்து வீட்டுக்குப் போனா. அன்னிக்கு என் கடையில யாரும் டீ குடிக்கலை.

ராத்திரி நித்யா துணிப்பெட்டியைக் கட்டறான்னு சாந்தாமணி வந்து சொன்னா. வெடிஞ்சதும் நானே போனேன், சாந்தாமணியும் வந்தா, எங்களுக்குப் பின்னாடி லைனே வந்து வாசல்ல நின்னுச்சு. இன்னொரு தடவை, அம்மிணின்னேன். அவ யாரையும் திட்டலை, திட்டியிருந்தாத் தேவலை. நீங்க ஒருத்தரும் எதையும் முடியாம ஒரு மணி நேரம் நிப்பீங்களாக்கா, உங்களால முடியுமான்னு கேட்டா. அவ கேட்டது என்னன்னு எனக்குத் தெரியும். தறி ஓடிட்டே இருக்கணும், நின்னாப் பேச்சு நின்னுரும். ஓடற தறியில இழை அறுந்துட்டேதான் இருக்கும். அறுந்ததை முடியாம விட்டா ஒவ்வொண்ணும் துணியில ஓட்டையா எறங்கும். தறிக்காரங்க எல்லாரும் அர்த்தநாரி மொகத்தைப் பாத்தாங்க. அவரு மேல பாத்தாரு, கீழ பாத்தாரு. அப்புறம், போனாப் போகட்டும் போ, புள்ளையைக் கூட்டியா அம்மிணின்னாரு. அவரு வாயில அப்படி ஒரு சொல்லு வரும்னு அவரு சம்சாரமே எதிர்பாக்கலை.

மிருதுளாவை வர வெக்கறதுதான் கஷ்டமாப் போச்சு. நித்யா கெஞ்சுனா, நான் கேக் காட்டிக் கூப்புட்டேன், வரலை. கடைசியில சாந்தாமணி ஆட்டைக் கையில தூக்கிட்டு வந்து, இதை நானே புடிச்சுக்கறேன் தங்கம், நீ என்ன வேணா சொல்லு, யாரு சொல்லிக் குடுத்ததையும் சொல்ல வேண்டாம்னு சொன்னா. புள்ளை எந்திரிச்சு வந்தா.

நித்யா நூலு நூலாத் தடவிப் பாத்து வால் ஒண்ணும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டா. நாங்க செவுரோரமா வரிசையா நின்னோம். சில பேரு கையை அக்குள்ள வெச்சு இறுக்கிக்கிட்டாங்க, சில பேரு பின்னால கட்டிக்கிட்டாங்க, நான் முந்தானையில ரெண்டு கையையும் சுத்திக்கிட்டேன், அர்த்தநாரி ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. தறிங்க எல்லாம் ஓட ஆரம்பிச்சுச்சு. கொஞ்ச நேரத்துலயே எதுத்தாப்புல ஒரு இழை அறுந்து தொங்குச்சு, அந்தத் தறிக்காரன் கண்ணை மூடிக்கிட்டான். அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் ஒண்ணு. பசிச்சவன் முன்னாடி சோத்தை வெச்சுட்டுத் திங்காதேன்னா எப்படி இருக்கும், அப்படி நின்னோம்.

செங்கோட்டுவேலு வந்தாரு. இழை அறுந்து கெடக்குது, ஒருத்தரும் முடியாம மரமா நிக்கறீங்களேன்னு எங்களைப் பாத்துக் கத்துனாரு. அவரு கையும் ஒரு நுனிக்கு நீண்டுச்சு. அப்போதான் தறிங்க பேசுச்சு, அத்தனையும் சேந்து, எங்க காலுக்குக் கீழ தரையே அதிர.

"அப்பா, நான் பேசறது உனக்குக் கேக்குமா, கேக்காதா?"

நீட்டுன கை அப்படியே நின்னுச்சு. அவரு தறியைப் பாத்தாரு, எங்களைப் பாத்தாரு, அப்புறந்தான் ஸ்டூல் மேல நின்ன மகளைப் பாத்தாரு. பழக்கம் விடுமா, தலை ஆமாங்கறதுக்குக் கொஞ்சம் அசைஞ்சுச்சு. பாதியில நிறுத்திட்டாரு. நடந்து போய் அவ முன்னாடி முழங்கால் போட்டு உக்காந்தாரு. அவரு சொன்னது தறிச் சத்தத்துல எங்க காதுல விழலை, ஆனா நாங்க அத்தனை பேரும் அவரு வாயைத்தான் பாத்துட்டு இருந்தோம், அதனால ஒரு சொல்லு விடாமத் தெரிஞ்சுது.

"கேக்காது சாமி. நீ பேசப் பழகுனதுல இருந்து நீ சொன்னது ஒண்ணுமே எனக்குக் கேட்டதில்ல. கேட்ட மாதிரி தலையாட்டிட்டு இருந்தேன். இப்பத்தான் கேக்குது."

எங்க லைன்ல ஒரு ஆம்பளை வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் பாத்ததில்லைங்க. செவுரோரமா நின்னவங்கள்ல பல பேரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. மிருதுளா அவரை நம்பலை. எப்படி நம்புவா? நூலை மறுபடி ஒதட்டுகிட்டக் கொண்டுபோய், அப்படின்னா நான் இப்ப என்ன கேட்டேன், நீ சொல்லு பாக்கலாம்னு தறி வழியாக் கேட்டா. அவரு சொல்லுக்குச் சொல்லு அப்படியே திருப்பிச் சொன்னாரு, சொல்லறப்பவே அவரு மொகம் கோணி அழுகை வந்துருச்சு. அவ அதைப் பாத்துட்டு இருந்தா. நூலோட ஸ்டூல்ல இருந்து எறங்கி அவரு மடியில உக்காந்துக்கிட்டா, முதுகைக் காட்டிட்டு, வண்டியில போறப்ப நிக்கற மாதிரி மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு.

இத்தனை நாளு சொல்லாததையெல்லாம் சொல்லப் போறான்னு நெனச்சோம், மயில் வேசத்தைச் சொல்லி அழப் போறான்னு நெனச்சோம். அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. தறி அத்தனையும் சேந்து, ஊரே கேக்கற மாதிரி, காலையில அம்மா சுட்ட தோசை எனக்குப் புடிக்கவே இல்லைன்னு சொல்லுச்சு. நித்யா செவுத்துல சாஞ்சுக்கிட்டா. புள்ளை சொன்னதை நடுவுல நின்னு சொமந்து சொல்லச் சொல்லி அன்னிக்கு அவளை யாரும் கேக்கலை.

"ஏன் கண்ணு?"ன்னாரு செங்கோட்டுவேலு.

மக சொன்ன ஒண்ணுக்கு அவரு திருப்பிக் கேட்ட மொதக் கேள்வி அது. அவ சொல்ல ஆரம்பிச்சா, தோசையில ஆரம்பிச்சு அது எங்கெங்கயோ போச்சு, துணியில ஓட்டை மேல ஓட்டையா எறங்கிட்டே இருந்துச்சு, வேலைக்கு வந்த ரெண்டாம் ஷிப்டு ஆளுங்க, புள்ளை சொல்லி முடிக்கட்டும்னு செருப்பைக் கழட்டிட்டு வாசல்லயே உக்காந்துக்கிட்டாங்க.